வெயிலும் கேழ்வரகும்: எலும்பின் உறுதிக்கு வேண்டுவன

விருதுநகர் ஜில்லாவின் மேல்கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில் அமைந்திருப்பது சேத்தூர். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளால் நிரம்பும் கண்மாய்களும், அவற்றின் பாசனத்தில் விளையும் நெல்லும், தென்னந்தோப்புகளும், மாந்தோப்புகளும் இவ்வட்டாரத்தின் செல்வங்களாம். வருஷத்தின் பெரும்பகுதியில் வெயிலுக்குக் குறைவில்லை. வடக்கேயுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவோ நாடெங்கும் பெயர் பெற்றது. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வாறு வெயிலும் பாலும் நிறைந்த பிரதேசத்தில் எலும்பு நோய்க்கு இடம் ஏது என்று எவரும் எண்ணுதல் இயல்பே.

ஆயினும், நாற்பது வயதைத் தாண்டியவுடன் இடுப்பு வலியென்றும் தொடை வலியென்றும் வருந்தும் ஸ்திரீகளும், வாசற்படியில் இடறி விழுந்த மாத்திரத்தில் தொடையெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் முதியோரும் நம் கிராமங்களில் அரியர் அல்லர். ஊரில் வெயில் இருப்பது வேறு, அது உடலிற் படுவது வேறு. ஊரில் பால் கறப்பது வேறு, அது வீட்டாரின் வயிற்றுக்குச் செல்வது வேறு. எலும்பின் உறுதிக்கு வேண்டிய இரண்டு முக்கியப் பொருள்களுள் ஒன்று ஆகாயத்திலிருந்தும், மற்றொன்று வயலிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் வருகின்றன. இவ்விரண்டையும் தம் குடும்பத்துக்குச் சேர்த்துக்கொள்ளும் வழி குடியானவர் கையிலேயே இருக்கின்றது. அவ்வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எலும்பு ஒரு குதிர்

எலும்பை வெறும் தூணென்று நினைப்பது பொருந்தாது. அது தினந்தோறும் சிறிது கரைந்தும் சிறிது கட்டப்பட்டும் வரும் உயிருள்ள பொருள். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 1 கிலோகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் அடங்கியிருக்கின்றது. எஞ்சிய ஒரு பங்கு இரத்தத்திலும் தசைகளிலும் இருந்துகொண்டு, இருதயத் துடிப்பு, தசையின் அசைவு, இரத்தம் உறைதல் முதலிய காரியங்களை நடத்துகின்றது. இரத்தத்திலுள்ள அளவு சிறிது குறைந்தாலும் உயிருக்கு அபாயமாதலால், உடல் அதைக் குறையவிடுவதில்லை. ஆகாரத்திலிருந்து போதிய சத்து வாராத நாளில், கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகள் ஏவ, எலும்பிலிருந்து சுண்ணாம்பு எடுக்கப்படுகின்றது.

குடியானவருக்கு இது எளிதில் விளங்கும். எலும்பு வீட்டிலுள்ள குதிரை ஒக்கும். விளைச்சல் நல்லதாயிருக்கும் வருஷங்களில் குதிர் நிரம்புகின்றது. பொய்த்த வருஷத்தில் குதிரிலிருந்து எடுத்து உண்கிறோம். எடுத்ததைத் திருப்பி இடாமலே பல வருஷம் சென்றால் குதிர் வெறுமையாகும். எலும்பாகிய குதிர் நிரம்புவது பிறந்தது முதல் ஏறத்தாழ 30 வயது வரையில். அதிலும் பெரும்பகுதி 20 வயதிற்குள். அதன் பின்னர் இருப்பைக் காப்பதே காரியம். மாதவிடாய் நின்ற ஸ்திரீகளுக்குக் குதிரிலிருந்து எடுக்கும் வேகம் அதிகரிக்கின்றது. ஆகவே, பாட்டியின் எலும்பு முறிவு பெரும்பாலும் அவள் சிறுமியாயிருந்த காலத்திலேயே தொடங்கிவிட்டதென்று அறிக.

கறவை மாடு வைத்திருப்போர் இதை வேறொரு விதத்திலும் கண்டிருப்பர். நன்கு கறக்கும் பசு, கன்று ஈன்ற ஓரிரு நாளில் திடீரெனத் தளர்ந்து, எழமாட்டாமல், தலையை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிடுவதுண்டு. இதனைப் பால் காய்ச்சல் என்பர். பெயர் காய்ச்சலாயினும் உடல் சுடுவதில்லை. இரத்தத்திலிருந்த சுண்ணாம்பு திடீரென்று சீம்பாலில் இறங்கிவிட்டதே காரணம். கால்நடை டாக்டர் நரம்பில் சுண்ணாம்புச் சத்து மருந்தை ஏற்றிய சிறிது நேரத்தில் பசு எழுந்து நிற்கும். பாலூட்டும் தாயின் உடலிலிருந்தும் இவ்விதமே சத்து பாலாக வெளியேறுகின்றது. பசுவைப்போல் அவள் வீழ்வதில்லை. அவளது எலும்பு அதை மெல்லக் கொடுத்துக்கொண்டே வருகின்றது. குழந்தை பால் மறந்தபின் நல்லுணவினால் இக்குறை நிரம்பும். உணவு குறைவாயின் நிரம்புதலும் குறையும்.

வைட்டமின் டி செய்யும் வேலை

சுண்ணாம்புச் சத்துள்ள ஆகாரத்தை உண்டால் மட்டும் போதாது. நிலத்தில் மணிச்சத்து நிறைய இருந்தும், அது மண்ணோடு இறுகிப் பயிருக்கு எட்டாமற்போவதை நாம் அறிவோம். அதுபோலவே, உண்ட சுண்ணாம்பு குடலிலிருந்து இரத்தத்துக்குச் செல்ல வேண்டுமாயின், வைட்டமின் டி என்னும் ஜீவசத்து வேண்டும். இது போதிய அளவு இருக்கும்போது, உண்ட சுண்ணாம்பில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு உடலிற் சேரும்; இல்லாதபோது 10 முதல் 15 பங்கே சேரும்; மீதி மலத்தோடு கழிந்துவிடும்.

இச்சத்தின் விசேஷம் யாதெனில், இது பெரும்பாலும் ஆகாரத்தினால் வருவதன்று. சூரிய வெளிச்சத்திலுள்ள கண்ணுக்குத் தெரியாத ஒருவகைக் கிரணம் தோலின்மேற் படும்போது, தோலிலேயே இது உண்டாகின்றது. பின்னர்க் கல்லீரலிலும் மூத்திரப் பிண்டங்களிலும் மாறுதலடைந்து வேலைக்குத் தகுதியாகின்றது. 1919-ல் ஜெர்மனியில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் டாக்டர், எலும்பு வளைந்த குழந்தைகளை ஒருவகை விளக்கொளியினாலேயே குணப்படுத்திக் காட்டினார். 1922-ல் அமெரிக்காவில் மக்காலம் என்பவர் மீனெண்ணெயில் இச்சத்து இருப்பதைத் தனியே பிரித்தறிந்து, டி என்னும் எழுத்தை இதற்கு வழங்கினார்.

இச்சத்துக் குறைந்தால் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் என்னும் நோய் வருகின்றது: கால் வில்போல் வளையும், அல்லது முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும், மணிக்கட்டு தடிக்கும், நடையும் பல்லும் தாமதிக்கும். வளர்ந்தவர்களுக்கு எலும்பு மிருதுவாகி, இடுப்பும் தொடையும் ஓயாமல் வலிக்கும். தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழுதல் அரிதாகும். முதுமையில் வரும் எலும்பு மெலிவு நோயோ, எலும்பு முறியும் நாள் வரையில் ஓசையின்றியே இருக்கும்.

நம் தேசத்திற் கண்ட உண்மைகள்

இந்நோய் வறியவருக்கே உரியதென்று எண்ணுதல் தவறு. பம்பாய் மாகாணத்து நாசிக்கில் ஹட்சிஸன், ஷா என்னும் இரு டாக்டர்கள் ஆராய்ந்து 1922-ல் வெளியிட்ட செய்தி நிலச்சுவான்தார்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பாலும் நெய்யும் குறைவின்றி உண்டு, வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கப்பட்ட செல்வக் குடும்பத்துக் குழந்தைகளிடம் ரிக்கெட்ஸ் நோய் காணப்பட்டது. எளிய உணவையே உண்டு, தாயோடு வயல்வெளியில் நாள் முழுதும் கிடந்த கூலிக்காரர் குழந்தைகளிடம் அது காணப்படவில்லை. வெயிலே இவ்வேற்றுமைக்குக் காரணம்.

ஆனால் வெயில் மட்டும் போதுமா என்றால், போதாது. நீலகிரியிலுள்ள குன்னூரில், 1918-ல் ஸர் ராபர்ட் மக்காரிஸன் பெரிபெரி நோயை ஆராய ஓர் அறையில் தொடங்கிய சாலையே பின்னர்ப் பெரிய ஆகார ஆராய்ச்சிச் சாலையாயிற்று. 1958-ல் அது ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. மக்காரிஸனுக்குப் பின் அதன் தலைவராக வந்த டாக்டர் அய்க்ராய்டும், அவரோடு பணிபுரிந்த பி. ஜி. கிருஷ்ணனும், அரிசியையே பிரதானமாக உண்ட பாலர் பள்ளிக் குழந்தைகளுக்குச் சுண்ணாம்புச் சத்து உப்பைக் கொடுத்துப் பார்த்து, அதன் பலனை 1938-ல் வெளியிட்டனர். அதைப் பெற்ற குழந்தைகள் பெறாதவர்களிலும் அதிகமாக வளர்ந்தார்கள். தென்னாட்டு அரிசி உணவிலுள்ள பெருங்குறை சுண்ணாம்புச் சத்தே என்பது அன்றே வெளியாயிற்று.

அண்மைக் காலத்து ஆராய்ச்சிகளும் இதையே வற்புறுத்துகின்றன. திருப்பதியில் டாக்டர்கள் நோயற்ற நகரத்தாரையும் கிராமத்தாரையும் பரிசோதித்து 2007-ல் பிரசுரித்த கணக்கின்படி, கிராமத்து ஆண்களில் நூற்றுக்கு 44 பேருக்கும், பெண்களில் நூற்றுக்கு 70 பேருக்கும் வைட்டமின் டி குறைவாயிருந்தது. நகரத்தில் ஆண்களில் 62 பேருக்கும், பெண்களில் 75 பேருக்கும் அக்குறை இருந்தது. வயலில் உழைப்போர் நகரத்தாரிலும் மேலான நிலையில் இருந்தனர். ஆயினும் உணவிற் சுண்ணாம்பு குறைந்திருந்தபடியால், வெயிலின் பயனும் அவர்களுக்கு முழுமையாகக் கிட்டவில்லை. உணவில் சுண்ணாம்பு குறையுமாயின் உடலிலுள்ள வைட்டமின் டி-யும் விரைவிற் செலவாகிவிடும் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. வேலூரில் மாதவிடாய் நின்ற ஸ்திரீகளைப் பரிசோதித்து 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எலும்பு மெலிவு காணப்பட்டது.

நம் வட்டாரத்தின் நிலையை இவற்றோடு ஒப்பிட்டு நோக்குக. 1936-ல் ராஜபாளையம் மில் நிறுவப்பட்ட காலந்தொட்டு இப்பிரதேசத்தில் நூற்பாலைகள் பெருகின. வயலிலிருந்து ஆலைக்குச் சென்ற ஆண்களும் பெண்களும் பகற்பொழுதைக் கூரையின் கீழ்க் கழிக்கின்றனர். இரவு வேலை செய்வோர் பகலில் உறங்குகின்றனர். வசதியுள்ள நிலச்சுவான்தார் வீட்டு ஸ்திரீகளும், படிக்கும் பெண்களும், நிறம் கறுத்துவிடுமென்று வெயிலுக்கு ஒதுங்குகின்றனர். ஊரில் கறக்கும் பால் விடியுமுன்பே கூட்டுறவுச் சங்கத்துக்கும் பால்கோவா அடுப்புக்கும் சென்றுவிடுகின்றது. விற்றது போக எஞ்சியதே வீட்டுக்கு என்பது பல இல்லங்களில் வழக்கம்.

வெயில் கொள்ளும் முறை

திருப்பதியில் செய்த சோதனைகளின்படி, தோலில் இச்சத்து மிகுதியாக உண்டாவது முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையில். கடிகாரம் இல்லாவிடினும் நிழலே காட்டிவிடும். நிற்பவரின் நிழல் அவர் உயரத்தினும் குறுகியிருக்கும் வேளையே தக்க வேளை. நிழல் நீண்டுவிட்ட காலை மாலை வெயிலில் அக்கிரணம் மிகக் குறைவு. முகமும் கைகால்களும் திறந்திருக்க, ஏறத்தாழ அரைமணி நேரம், வாரத்தில் பல நாள் வெளியிற் புழங்குதல் நன்று. கண்ணாடிச் சன்னலின் ஊடே வரும் வெயில் இதற்கு உதவாது. கறுத்த தோலுடையோருக்கும் முதியோருக்கும் நேரம் கூடுதலாக வேண்டும்.

ஆனால் அக்கினி நட்சத்திர காலத்து உச்சி வெயிலில் நெடுநேரம் நிற்றல் கூடாது. அந்நாட்களில் 11 மணிக்கு முன்னரே சிறிது நேரம் போதும். கைக்குழந்தையைக் கடும் வெயிலிற் கிடத்துதல் தகாது. தாய்ப்பாலில் இச்சத்து குறைவாதலால், முதல் வருஷத்தில் குழந்தைக்கு நாள்தோறும் 400 அலகு கொண்ட மருந்துத் துளிகளைக் கொடுக்குமாறு குழந்தை வைத்தியர்கள் கூறுகின்றனர். அதை அவர்களிடமே கேட்டுப் பெறுக.

ஆகாரத்தில் சுண்ணாம்புச் சத்து

வளர்ந்தவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று 2020-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் நிர்ணயித்தனர். பாலூட்டும் தாய்க்கும், மாதவிடாய் நின்றவர்க்கும் 1200 மில்லிகிராம். இனி நம் அரிசியைப் பார்ப்போம். 100 கிராம் அரிசியில் இருப்பது ஏறத்தாழ 10 மில்லிகிராமே. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசியைச் சமைத்துண்டாலும் 40 மில்லிகிராமுக்கு மேற்படாது. சோளமும் கம்பும் வேறு விதத்தில் நல்லவையாயினும், சுண்ணாம்பில் அவையும் எளியவையே. தானியங்களுள் கேழ்வரகு ஒன்றே இதில் தலைசிறந்தது. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் உண்டு. ஒரு நாளைக் கணக்கு இவ்வாறு அமையலாம்:

கேழ்வரகு மாவு 100 கிராம்: 350 மில்லிகிராம்
பால், தயிர் அல்லது மோருக்காகப் பால் 200 மில்லிலிட்டர்: 240 மில்லிகிராம்
முருங்கைக்கீரை 50 கிராம்: 150 மில்லிகிராம்
எள் 10 கிராம்: 120 மில்லிகிராம்
அரிசி, பருப்பு, காய்கறி: சுமார் 100 மில்லிகிராம்
மொத்தம்: 960 மில்லிகிராம்

இவற்றுள் விலை கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமில்லை. கேழ்வரகிலுள்ள ஒருவகைப் பொருள் சுண்ணாம்பைப் பிணித்துக்கொள்வதுண்டு. தானியத்தை முளைகட்டி உலர்த்தி அரைத்தாலும், கூழைப் புளிக்கவைத்து மறுநாள் மோர் விட்டுக் கரைத்துக் குடித்தாலும் அப்பிணிப்புக் குறையும். நம் முன்னோர் கூழைப் புளிக்கவைத்தது இவ்விதத்திலும் நன்மையாயிற்று. கொடிக்காலில் வளரும் அகத்தியின் கீரை, கறிவேப்பிலை, கொள்ளு ஆகியவையும் சுண்ணாம்பு மிகுந்தவை. உப்பும் ஊறுகாயும் மிகுந்தால் சுண்ணாம்பு மூத்திரத்தோடு வெளியேறும். ஆகவே அவற்றைக் குறைத்துக்கொள்க. வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். பாக்குடன் கூடிய தாம்பூலம் வாயிற் புற்றுநோயை உண்டாக்குமென்று 2004-ல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்துவிட்டது. ஆதலால் அது மருந்தாகாது.

வைட்டமின் டி உள்ள ஆகாரங்கள் சிலவே. மீன் உண்போருக்கு மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மிக்க மீன்களும், முட்டையின் மஞ்சட்கருவும், வெயிலில் உலர்த்திய காளானும் உதவும்.

இருபது சென்ட் கேழ்வரகு

ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் வீதம் வருஷத்துக்கு வேண்டிய கேழ்வரகு ஏறத்தாழ 183 கிலோ. இறவைச் சாகுபடியில் ஏக்கருக்கு 1000 கிலோ என்று சாதாரணமாக மதித்தாலும், 20 சென்ட் நிலம் 200 கிலோ கொடுத்துவிடும். நெல்லும் தென்னையும் உள்ள மிராசுதாருக்கு இது ஒரு பொருட்டன்று.

மார்கழிப் பட்டத்திலோ சித்திரைப் பட்டத்திலோ இதைப் பயிரிடலாம். ஏக்கருக்கு 2 கிலோ விதை வீதம், 20 சென்டுக்கு 400 கிராம் போதும். நாற்றுவிட்டு 17 முதல் 20 நாளில், குத்துக்கு இரண்டு நாற்றாக, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நடுக. ஏக்கருக்கு 5 டன் வீதம், 20 சென்டுக்கு 1 டன் தொழு உரம் இடுக. ஏக்கருக்குத் தழைச்சத்து 24 கிலோ, மணிச்சத்து 12 கிலோ, சாம்பல்சத்து 12 கிலோ என்பது பொதுச் சிபாரிசு. இதில் தழைச்சத்தில் பாதியை மேலுரமாக இடவேண்டும். நெல்லிலும் குறைந்த நீரிலேயே இப்பயிர் விளையும். நெல் அறுவடையான தரிசில் எள்ளும், வரப்போரத்தில் அகத்தியும், கொல்லையில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கையும் வைத்துவிட்டால் வீட்டுத் தேவை பூர்த்தியாகும்.

கறவை வைத்திருப்போர், சங்கத்துக்கு அளப்பதற்கு முன்னர், வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர் வீதம் எடுத்து வைத்துவிட்டுப் பின்னரே பாத்திரத்தை வெளியே அனுப்புதல் வேண்டும். இதனால் வருமானத்திற் சிறிது குறையலாம். தொடையெலும்பு முறிந்தபின் ஆகும் ஆஸ்பத்திரிச் செலவோடு ஒப்பிட்டால் அக்குறை அற்பமே.

மற்ற வைட்டமின்களும் மருந்துகளும்

எலும்பின் நார்ப்பகுதி உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும்; நெல்லிக்காயும் கொய்யாவும் அதைத் தரும். சுண்ணாம்பு எலும்பிற் படிய உதவும் வைட்டமின் கே பச்சைக் கீரைகளில் உண்டு. பயறு, பருப்பு, முட்டை இவற்றிலுள்ள புரதமும் அவசியம். வைட்டமின் ஏ மாத்திரையை அளவுக்கு மிஞ்சி உண்பது எலும்புக்குக் கெடுதி.

வைட்டமின் டி மாத்திரையும் ஊசியும் இன்று தாராளமாக வழங்குகின்றன. குறைவுள்ளவருக்கு டாக்டர் கொடுப்பது நன்மையே. ஆனால் குறைவில்லாதார் உண்பதனால் எலும்பு முறிவு குறைவதில்லை என்பது, அமெரிக்காவில் 25,871 பேரைக்கொண்டு நடத்திய சோதனையின் முடிவாக 2022-ல் வெளியாயிற்று. ஆஸ்திரேலியாவில் முதிய ஸ்திரீகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை 5 லக்ஷம் அலகு மொத்தமாகக் கொடுத்துப் பார்த்ததில், அவர்கள் விழுவதும் எலும்பு முறிவதும் அதிகரித்தன என்று 2010-ல் அறிவித்தனர். உரத்தை ஒரே நாளில் கொட்டினால் பயிர் கருகுவதுபோல்தான் இதுவும். தாமாகவே கடையில் கேட்டு ஊசி போட்டுக்கொள்ளுதல் கூடாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்கவை

முதலாவது, அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கால் வளைந்த குழந்தைகளையும், ஒன்றரை வயதாகியும் நடவாத குழந்தைகளையும் கண்டறிந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவித்தல். ஆரம்பத்தில் கவனித்தால் வளைவு பெரும்பாலும் நிமிரும்.

இரண்டாவது, குடிதண்ணீரைச் சோதிப்பித்தல். ஒரே தெருவிற் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறையும் முதுகில் விறைப்பும் காணப்பட்டால், ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுந்திருக்கலாம். பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் இந்நோய் 1937-ல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைக் குடிக்க விடலாகாது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்தவரை இது இன்னும் கடுமையாகப் பீடிக்கும்.

மூன்றாவது, பள்ளிப் பிள்ளைகள் முற்பகலில் சிறிது நேரம் வெளியில் விளையாட ஏற்பாடு செய்தல். இந்த ஜில்லாவில் தோன்றிய காமராஜர் முதல் மந்திரியாயிருந்தபோது 1956-ல் ஏற்பட்ட பகலுணவுத் திட்டம் விரிவடைந்து, இன்று பிள்ளைகளுக்கு முட்டையும் கிடைக்கின்றது. பள்ளி வளவில் நான்கு முருங்கை நட்டால் கீரையும் அதனுடன் சேரும்.

குதிரை நிரப்பும் காலம் இளமை. ஆதலால், வரும் பட்டத்திலேயே ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் 20 சென்டைக் கேழ்வரகுக்கென ஒதுக்கி, அதன் முதல் மூட்டையை விற்காமல் வீட்டுப் பிள்ளைகளுக்கும், தம் நிலத்தில் உழைப்போர் பிள்ளைகளுக்கும் கூழாகவும் களியாகவும் வழங்குவாராக.